கராஜுக்குப் போட்ட பூட்டு

இத்தாலியில் நான் வேலை செய்யும் கராஜுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் ஒரு கிழவர் தன்னுடைய காரைப் பார்க்க வருவார். எடுத்துக்கொண்டு எங்கேயும் போவதில்லை, பார்த்துவிட்டுப் போவதோடு சரி. மேலே போட்டிருக்கும் துணி உறையைக் கழற்றி ஒழுங்காக மடிப்பார். உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவார். பிறகு நிறுத்தி, கண்ணாடிகளைத் துடைத்து, உறையைத் திரும்பப் போட்டு மூடி, எனக்கு 'சாவ்' என்று விடை சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விடுவார். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. எங்கள் ஊரில் ஒருவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தால், வீட்டுக்குள்ளிருந்து நோயாளியைத் தூக்கி வருகிறார்கள் என்று அர்த்தம். அதனால் ஒருநாள் எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், "சிஞ்ஞோரே, யாருக்குச் சுகமில்லை?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுகமில்லையா? இருபது வருடமாக ஒரு தடிமன்கூட வந்ததில்லை," என்று பெருமையாகச் சொன்னார். நல்லது என்று நானும் தலையாட்டினேன். அவர் சொன்னது வீட்டு ஆட்களைப் பற்றி அல்ல, காரைப் பற்றித்தான் என்று விளங்க எனக்குப் பல மாதங்கள் எடுத்தன.

இந்த நகரத்தில் கார் வாங்குவது சுலபம், அதை வைக்க இடம் தேடுவதுதான் சீவன் போகிற வேலை. மாலையானால் வீதியைச் சுற்றிச் சுற்றிக் காரை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு சாண் இடத்துக்காகக் கோட்டுப் போட்ட கனவான்கள் நடுவீதியில் நின்று தாயைத் தகப்பனை இழுத்துத் திட்டுவார்கள். வீட்டு வாசல்களில் 'பாஸ்ஸோ கராபிலே', வாகனம் போகும் வழி, என்று வட்டமாக ஒரு பலகை தொங்கும். உள்ளே கார் இல்லாவிட்டாலும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நிறுத்திவிட முடியாது. இதற்கெல்லாம் ஏலாதவர்கள்தான் நிலத்துக்குக் கீழே மூன்று தட்டாக இருக்கும் எங்கள் கராஜில் மாதக் கணக்கில் இடம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் வாசலில் இறங்கித் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போவார்கள். நான் காரைக் கீழே கொண்டுபோய், இடையில் ஒரு கை நுழையாத அளவுக்கு ஒட்டி நிறுத்திவிட்டு, திறப்பை இலக்கம் போட்ட கொளுக்கியில் மாட்டுவேன். ஒரு காரில் சின்னக் கீறல் விழுந்தாலும் எனக்கு வேலை இல்லை. வருடக் கணக்காக இப்படியே இருந்தால் மனுசனின் புத்தி எப்படி மாறும் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எங்கள் ஊர், யாத்திரைக் கோயில் இருக்கும் தலவிலைக்குப் பக்கத்தில், கடலோரம். யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிகள் எடுபட்டு, பாதையும் திருந்திய பிறகு நான் காசு அனுப்பி, பழைய ஜப்பான் கார் ஒன்றை வீட்டுக்கு வாங்கினேன். வீட்டில் அம்மாவும் தம்பி அன்ரனும். அன்ரன் கடலுக்குப் போகிறவன், அவனுக்கு வள்ளம் ஓட்டத்தான் தெரியும். காரை ஓட்டியது பக்கத்து வீட்டு சேவியர் அண்ணன். இளம் வயதில் ஐஸ் லொறி ஓட்டியவர். கார் எங்கள் வளவில் பூவரசுக்குக் கீழே மணலில் நிற்கும். மூஞ்சி எப்போதும் றோட்டைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், முன்னால் வலையோ வள்ளமோ போடக்கூடாது. இதை யாரும் சட்டமாகச் சொல்லவில்லை, ஊரில் வாகனம் வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் வைத்தார்கள். திறப்பு வாசல் நிலையில் ஒரு ஆணியில் தொங்கும். பிள்ளைப்பேறு என்றால், திருக்கை முள் குத்திவிட்டால், யாராவது மயங்கி விழுந்தால், சேவியர் அண்ணன் வந்து திறப்பை எடுப்பார், கார் போகும். அம்மாவிடம்கூட கேட்பதில்லை. திருவிழாக் காலத்தில் சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வருகிறவர்களின் வான்கள் எங்கள் வளவில்தான் நிற்கும். அவர்கள் சோறு சமைத்து நமக்கும் ஒரு தட்டுத் தந்துவிட்டு, கோயிலுக்கு நடந்து போவார்கள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு லீவில் போன நான், அந்தக் காரைப் பார்த்து ஆடிப்போனேன். காலடியில் ஒரு சிறங்கை மணல். மீன் நாற்றம் கண்ணைக் குத்தியது. பின் சீற்றில் ஒரு கோழி முட்டை இருந்தது. இடப்பக்க மட்காட் நீளத்துக்கு உரசிப் போயிருந்தது. கீழ்த்தட்டில் இப்படி ஒரு கீறலைக் கண்டிருந்தால் முதலாளி என் தோலை உரித்திருப்பார். சேவியர் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அது மெற்றில்டா கார் ஓடிப் பழகினது தம்பி. பள்ளிக்கூடத்து மதில் கொஞ்சம் கிட்ட வந்திட்டுது."

மெற்றில்டா அக்கா அவருடைய மனைவி. அவர் இல்லாத நேரத்தில் ஊருக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவவுக்கும் கார் ஓடப் பழக்கி, லைசனும் எடுத்துக் கொடுத்திருந்தார். நான் அதை மெச்சியிருக்க வேண்டும். எனக்கோ கோபம் தலைக்கேறிவிட்டது. "இது என்ன சந்தைக் காரா? இனி என்னைக் கேட்காமல் ஒருத்தரும் இதில் கை வைக்கக்கூடாது," என்று வளவில் நின்று கத்தினேன். வேலியோரம் நின்றவர்களுக்கும் கேட்டது. சேவியர் அண்ணனின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போனது. பக்கத்தில் நின்ற அக்காதான் பேசினா. "சரி தம்பி. இனி உங்களக் கேட்டிட்டு எடுக்கிறம்." சின்ன வயதிலிருந்து என்னை 'நீ' என்று அழைத்தவ அன்றுதான் முதல் தடவையாக 'நீங்க' என்றா. அது எனக்கு மரியாதையாகத்தான் பட்டது.

அந்த லீவிலேயே கராஜ் கட்டினேன். சீமெந்துத் தரை, ஓட்டுக் கூரை, முன்னுக்கு இரும்பு ரோலர் கதவு. வளவைச் சுற்றி மதிலும் கேற்றும். ஊரில் அப்படி ஒரு கராஜ் அதற்கு முன் இருந்ததில்லை. கார்த் திறப்பு உள்ளே காரிலேயே கிடக்கும். கராஜ்ப் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்றை அன்ரனின் இடுப்புக் கயிற்றில் கட்டச் சொன்னேன், வீட்டில் வைத்தால் அம்மா இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவா என்று. மற்றதை நான் கையோடு இத்தாலிக்குக் கொண்டுவந்தேன். அன்ரன் படம் எடுத்து அனுப்பினான். கார் பளபளவென்று நின்றது. வேலைத்தலத்தில் கூட இருப்பவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஆரம்பத்தில் சிலர் போன் எடுத்துக் கேட்டார்கள். சில நேரம் சரி என்றேன், சில நேரம் அன்ரன் வரட்டும் பார்ப்போம் என்றேன். போகப்போகக் கேட்பதும் நின்றுபோனது. ஆட்களுக்குத் தேவை குறைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். இவ்வளவு மடையனாக ஒரு மனுசன் இருக்க முடியுமா என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

அது தலவிலையின் மார்ச் மாதத் திருவிழா நாட்கள். இங்கே காலை, அங்கே பகல் திரும்பும் நேரம். நான் மூன்றாம் தட்டில் கார்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. பத்து மணிக்குக் கோப்பி குடிக்க மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தபோது சட்டைப்பைக்குள் போன் நடுங்கத் தொடங்கியது. நின்றபாடில்லை. ஏழு அழைப்புகள். எல்லாம் மெற்றில்டா அக்கா. கடைசியாக ஒரு குரல் பதிவு.

"தம்பி, சேவியருக்கு நெஞ்சு இறுக்குதாம், வேர்த்துக் கொட்டுது. அன்ரன் இன்னும் கரைக்கு வரயில்ல. கராஜ்ப் பூட்ட உடைக்கட்டா தம்பி? ஒரு சொல் சொல்லுங்க. நான் புதுப் பூட்டு வாங்கித் தாறன்."

நான் உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன். மறுபக்கம் தூக்கிய சத்தம் கேட்டதும், "உடைங்க அக்கா, கதவையே உடைங்க," என்று நடுவீதியில் கத்தினேன். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா, "இப்ப தேவையில்ல தம்பி," என்றா.

பிறகு அம்மா சொன்னதை வைத்துத்தான் மற்றதெல்லாம் தெரியும். அண்ணன் சுருண்டதும் அக்கா ஓடிவந்தது எங்கள் வீட்டுக்கு. பூட்டை உடைக்க அம்மா அலவாங்கை எடுத்துக் கொடுத்திருக்கிறா. "தம்பியட்ட ஒரு சொல் கேட்டிட்டு உடைப்பம் மாமி, இப்ப எடுப்பார்," என்று சொல்லி அக்கா போனைக் காதில் வைத்தபடி கராஜ் வாசலில் நின்றாவாம். எடுக்கவில்லை என்றதும் இன்னொரு தரம். பிறகு இன்னொரு தரம். யாரோ திரீவீல் ஓட்டோ பிடிக்கச் சந்திக்கு ஓடினார்கள். திரீவீல் எல்லாம் கோயில் பக்கம் போயிருந்தன. றோட்டோரம் நெடுக யாத்திரிகர்களின் வாகனங்கள் நின்றன, ஒன்றிலும் ஆள் இல்லை, எல்லோரும் கோயிலுக்கு நடந்திருந்தார்கள். முந்திய காலமென்றால் எங்கள் வளவுக்குள் நாலு வான் நின்றிருக்கும், நிழலில் ஒரு ட்ரைவராவது படுத்திருப்பான். வளவு வெறுமையாக இருந்தது. கேற்றைச் சாத்தச் சொன்னவனும் நான்தான். கடைசியில் ஒரு திரீவீல் கிடைத்துப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். திருவிழா நெரிசலைத் தாண்டவே நெடுநேரம் ஆகியது. வழியில் பாலாவிச் சந்திக்கு வரும்முன் அண்ணன் போய்விட்டார். கார் ஓடத் தெரிந்த அக்கா, பின் சீற்றில் அவரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாவாம்.

அன்ரன் பின்நேரம்தான் கரைக்கு வந்தான். செய்தி கேட்டு நேரே கராஜுக்குப் போய், இடுப்பில் திறப்பு தொங்கத் தொங்க, அலவாங்கால் அந்தக் கதவை அடித்து உடைத்திருக்கிறான். இரும்புத் தகடு சுருண்டு விழும்வரை விடவில்லையாம். அம்மா தடுக்கவில்லை. அன்ரன் இரண்டு நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "கார் இருந்திருந்தாலும் தப்பியிருப்பாரோ தெரியாது," என்று சொன்னான். எனக்காகத்தான் சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இந்த உலகத்தில் வழியில்லை. வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அடக்கத்துக்கும் என்னால் போக முடியவில்லை. போனில் காட்டினார்கள். மணலில் நடந்து போகும் கால்கள்தான் தெரிந்தன.

அடுத்த வருடம் போனேன். முதல் வேலையாகக் கேற்றைக் கழற்றினேன். காரைப் பழைய இடத்தில், பழையபடி றோட்டைப் பார்க்க நிறுத்தினேன். திறப்பை ஆணியில் மாட்டிவிட்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். திட்டுவா, அழுவா, முகத்தில் அடிப்பா என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவ கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்தா.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா," என்றேன்.

"நீங்க என்ன செய்ற தம்பி? வேலைல நிண்டிருப்பீங்க."

"கார் வெளிய நிக்குது. திறப்பு ஆணியில இருக்கு. ஆருக்கு என்ன தேவையெண்டாலும் நீங்க எடுங்க. என்னக் கேக்க வேணாம்."

"ஓம் தம்பி. தேவையெண்டாக் கேக்கிறன்."

"கேக்க வேணாமெண்டுதானே சொல்றன்."

"ஓம் ஓம்," என்று சொல்லி, ஆறுமுன் குடிக்கச் சொன்னா.

நான் அங்கே நின்ற ஒரு மாதமும் கார் நின்ற இடத்தில் நின்றது. ஊரிலிருந்து ஒருவர் வரவில்லை. ஒரு நாள் அக்கா வெயிலில் பஸ்ஸுக்குப் போக எங்கள் வாசலைக் கடந்து நடந்தா. காரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோபத்தில் அல்ல, அது அவவுடைய பொருள் இல்லை, அவ்வளவுதான். ஊரில் எனக்கென்று கட்டிய ஒரே கட்டிடம் அந்தக் கராஜ். கதவில்லாத அதற்குள் இப்போது அன்ரனின் வலைகள் கிடக்கின்றன. அக்கா பஸ்ஸுக்கு நடந்த அன்று, வாசலில் நின்ற நான் ஓடிப்போய்க் கூப்பிட நினைத்தேன், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

இத்தாலிக்குத் திரும்பியதும் முதலாளியிடம் கெஞ்சி, கீழ்த்தட்டு வேலையை விட்டு, கார்கள் இறங்கும் சரிவின் வாயிலுக்கு மாறிக்கொண்டேன். பாதி கூரைக்குள்ளும் பாதி வீதியிலுமாக இருக்கும் இடம் அது. உள்ளே ஒரு காவல் கூண்டில் ஹீற்றர் போட்டிருக்கிறார்கள். அங்கே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் பனியிலும் வெளியே நிற்கிறேன். எனக்கு மூச்சு முட்டும் நோய் என்று முதலாளி நினைத்து, டாக்டரிடம் காட்டச் சொன்னார். ஓம் என்றேன். விளங்கப்படுத்த என் இத்தாலியன் போதாது, தமிழிலும் போதுமோ தெரியாது.

என்னைப்போல் வெளியே வந்து ஊரில் மதில் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் நிலைமையை மட்டும் சொல்கிறேன். பல மாதங்களுக்குப் பிறகு போன கிழமை போன் அடித்தது. மெற்றில்டா அக்கா. பின்னால் ஒரு பெண் பிரசவ வலியில் முனகுவது கேட்டது.

"தம்பி, இந்தப் பிள்ளைக்கு நோக்கண்டிட்டுது. கார எடுக்கட்டா?"

"எடுங்க அக்கா. கேக்காதீங்க, எடுங்க."

"சரி தம்பி," என்றா. நேற்றும் எடுத்தா. நேற்றும் அதே கேள்விதான். நான் உயிரோடு இருக்கும்வரை அவ கேட்டுக்கொண்டுதான் இருப்பா. அங்கே கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் காதில் விழும்வரை நான் போனை வைப்பதில்லை. அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் யாராவது தன்னுடைய காரை உள்ளே எடுக்கச் சொல்லி ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடுவார்.