சுண்ணாம்பு அடித்த கடை

ஏரிக்கரை உடைந்தது ஒரு விடியற்காலையில். குகட்பள்ளியில் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பாலாநகர் ஆலைகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள் நடக்கும் பாதையோரம், கரைக்குக் கீழே, வரிசையாகப் பத்துக் கடைகள் இருந்தன. அதில் மூன்றாவது எங்கள் மளிகைக்கடை. நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் கரை அறுத்துக்கொண்டு, என் மார்பளவுக்குத் தண்ணீர் கடைகளுக்குள் ஏறி, மறுநாள் மதியம்தான் வடிந்தது. உயிர்ச்சேதம் இல்லையே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இருக்கிற உயிரை வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன செய்வது என்பதுதானே கடை போனவனுடைய கவலை.

எங்கள் குடும்பத்தில் கடை வைத்தவர் அப்பா ஒருவர்தான். திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் ரயில்வேக்கு வந்த குடும்பம். மற்ற எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது, "என்ன முதலாளி, யாவாரம்லாம் எப்படிப் போவுது?" என்று மாமா கேட்பார். அம்மாவின் அண்ணன், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து ஆலையில் சூப்பர்வைசர். கேட்பதிலேயே குத்தல் இருக்கும். தன் ஆலையில் கேட் வேலை வாங்கித் தருவதாக இரண்டு மூன்று முறை சொல்லியிருந்தார். அப்பா ஒவ்வொரு முறையும் சிரித்து மழுப்பிவிடுவார். யாரிடமும் கைகட்டி நிற்கக் கூடாது, அதுதான் அவர் இந்த உலகத்தில் கேட்ட ஒரே விஷயம். மாமாவிடம் நிற்கவே கூடாது.

தண்ணீர் வடிந்ததும் ஒரு சேதி பரவியது. கரையடியில் இனிமேல் கடை போடக் கூடாது, மெயின் ரோட்டு மேட்டில் சர்க்காரே ஷெட் கட்டிக் கொடுக்கப்போகிறது, பாதிக்கப்பட்டவர்கள் மனு கொடுக்க வேண்டும் என்று. அப்பா மறுநாள் காலையிலேயே மனுவை எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆபீசரைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவும் நானும் கடையைத் திறந்தோம். ஊறிப்போன துவரம்பருப்பு, கரைந்த வெல்லம், மண்ணெண்ணெய், எல்லாவற்றுக்கும் அடியில் ஏரிச் சேறு. அரிசி மூட்டைகள் உப்பித் தையல் விட்டிருந்தன. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். மற்ற கடைக்காரர்கள் ஒருவரும் எதையும் தொடவில்லை. வாசலில் குத்துக்காலிட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தனாவது தொடப்பத்தத் தொட்டானா பாரு. கன்னத்துல கைய வச்சுட்டு உக்காந்திருக்கானுவ. அப்பா வாரதுக்குள்ள நாம கழுவிருவோம்ட்டி" என்றாள்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அடிபம்பிலிருந்து வாளி சுமந்து வரும்போது பக்கத்துக் கடை பாய் என்னைக் கூப்பிட்டார். சைக்கிள் ரிப்பேர் கடை; வாடகை சைக்கிளும் விடுவார். தினமும் மாலை அப்பாவும் அவரும் ஒரு சாயாவை இரண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள். மளிகைக்கடை வைத்திருந்ததால் அப்பாவை அவர் 'சேட்' என்பார். அவருடைய சைக்கிள்கள் இன்னும் சேற்றுக்குள் கிடந்தன.

"பேட்டி, அம்மா கோ போல். ஆபீசர் ஆயே தலக் ஹாத் நக்கோ லகானா போல்கே."

பேட்டி என்றால் மகள்; என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஆபீசர் வரும்வரை கை வைக்க 'நக்கோ', வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். சேதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பெயரை எழுதுவார்களாம், விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். நான் "ஹவ்" என்று தலையாட்டினேன். தன் மனுவை எழுதி வாங்க அவர் கிளம்பிப் போய்விட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எப்படிச் சொன்னேன் என்றுதான் கேட்க வேண்டும். பாய் மாதிரியே கழுத்தைச் சாய்த்து, இடுப்பில் கையை வைத்து நடித்துக் காட்டினேன். "அவருக்குக் கழுவச் சோம்பல், நம்மளையும் நக்கோங்கிறாரு" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். அம்மா மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பருப்பு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். ஒன்றுவிடாமல் இழுத்துப்போய் ஓடையில் தள்ளினோம்.

பினாயில் போட்டு மூன்று தடவை கழுவினோம். பிறகு புழு வராமலிருக்கச் சுண்ணாம்பு கரைத்தாள் அம்மா. சுவரைச் சுற்றிலும் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. மட்டையை என்னிடம்தான் கொடுத்தாள். அந்தக் கோடு தெரியாமல் போகும்வரை இரண்டு கை அடித்தேன். பத்துக் கடைகளில் எங்கள் கடை மட்டும் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு அப்பா வந்தார். ஆபீசர், கூட ஒரு குமாஸ்தா. முதல் இரண்டு கடைகளைக் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். எங்கள் கடைக்கு வந்ததும் ஆபீசர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். வெள்ளைச் சுவரையும் காலி அலமாரிகளையும் பார்த்துவிட்டு, சரக்கையெல்லாம் முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்களா என்று தெலுங்கில் கேட்டார். கேலியாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

அப்பா கடையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என் கையில் இன்னும் சுண்ணாம்பு மட்டை இருந்தது. பாய் ஓடி வந்து, இங்கேயும் இவ்வளவு தண்ணீர் நின்றது, நாங்கள் எல்லோரும் சாட்சி என்றார். பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றார் ஆபீசர். யார் கழுவச் சொன்னது என்று குமாஸ்தா கேட்டான்.

"நான்தான் சொன்னேன்" என்றார் அப்பா.

அவர்கள் நான்காவது கடைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு அப்பா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒட்டப்பட்ட பட்டியலில் ஒன்பது பெயர்கள் இருந்தன. இரண்டு மாதம் அப்பா மனுவும் கையுமாக அலைந்தார். மேட்டில் ஷெட்டுகள் எழும்பி, ஒன்பது கடைகளும் திறந்தாயிற்று. அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் பேசியது ஹிந்தியில். எனக்கு அது தமிழாகத்தான் நினைவிருக்கிறது.

"என் ஷெட் பெரிசு, சேட். பாதி எனக்குப் போதும். மீதியில நீங்க கடையப் போடுங்க. தடுப்புக்குப் பலகைகூட எடுத்து வச்சிட்டேன்."

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. பாய் அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்காமல், "அன்னைக்கே பேட்டிகிட்ட சொல்லி அனுப்பினேனே, கை வைக்காதீங்கன்னு" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "உங்கிட்ட சொன்னாராட்டி?"

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

"இல்லப்பா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

பாய் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அன்னைக்குப் பத்துப் பேர்கிட்ட பேசினேன், சேட். மறந்திருப்பேன்" என்றார்.

விஷயம் தெரிந்தும் நம்மிடம் சொல்லாமல் இருந்துவிட்டு, இப்போது பிள்ளைமேல் பழியைப் போடுகிறான், பிச்சை போட வந்திருக்கிறான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். பாய்க்குச் சாயா கொடுக்கச் சொல்லவில்லை. எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். மறுவாரம் மாமாவின் ஆலை கேட்டில், காக்கிச் சட்டை போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சலாம் வைக்கிற வேலையில் சேர்ந்தார்.

நான் பள்ளிக்கூடம் போகும் வழி அந்த மேடுதான். பாய் தன் ஷெட்டை நடுவில் பலகை வைத்துத் தடுத்திருந்தார். இந்தப் பக்கம் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இடமில்லாமல் நிற்கும். அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பெருக்கிக் காலியாகவே வைத்திருந்தார். அடுத்த மழைக்காலம் வரும்வரை அதில் ஒரு சைக்கிளைக்கூட அவர் நிறுத்தவில்லை.