கீழ்க்காட்டு முனி

கொத்மலையில் அணை கட்டிய காலம். தண்ணீருக்குள் போகப்போகிற ஊர்க்காரர்களுக்கு வீடு கட்ட, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்காட்டை எடுத்துக்கொண்டார்கள். மரம் வெட்டும் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் இருந்தார். நான் விறகு அடுக்கப் போவேன்.

ஓடையோரத்தில் ஒரு பெரிய காட்டு மாமரம். அதன் பொந்தை மண்ணால் பூசி, ஒரு கீறல் மட்டும் விட்டு, உள்ளே ஒரு தாய்ப்பறவை வெளியே வராமல் அடைகாத்தது. நீண்டு வளைந்த அலகுள்ள ஆண் பறவை நாள் முழுக்கப் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது ஒரு வாய்ச் சோறு எடுத்து வைக்காத மனிதர், இதைப் பார்த்துவிட்டுக் கோடரியைக் கீழே போட்டார்.

"குஞ்சு வெளிய வர்ற வரைக்குமாச்சும் விடுங்கய்யா" என்று வேலையை மேற்பார்த்த ஓவசியரிடம் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மரம் விழாவிட்டால் வேறு ஆளை வைத்து வெட்டுவேன் என்றுவிட்டார் அவர்.

யோசனை என்னுடையது. காடு வெட்டும்போது முனி இருக்கும் மரத்தில் கை வைக்காதது எங்கள் வழக்கம். வியாழக்கிழமை ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தேன். மறுநாள் ஓவசியர் அதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு அடுத்த மரத்தைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முனி வந்த செய்தி தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை பொங்கல் பானையோடு வந்துவிட்டார்கள். மரத்தைச் சுற்றியிருந்த புதரையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கினார்கள். தப்பு முழங்கியது; ஈர விறகின் புகை கிளைவரை ஏறியது. அலகில் பழத்தோடு வந்த ஆண் பறவை, கூட்டத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. மறுநாளும் ஆட்கள் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள்.

"சொல்லிரு புள்ள, கல்ல வச்சது நாமதான்னு" என்றார் என் வீட்டுக்காரர்.

"சொன்னா நாளைக்கே மரத்த வெட்டிருவாங்க. சும்மா இருங்க."

பழத்தை மடியில் கட்டிக்கொண்டு அவரே ஏறப் பார்த்தார். முனி மரத்தில் கால் வைக்க விடுவார்களா? நாலு பேர் சேர்ந்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மரம் போய்விடுமே என்றுதான் பேசாமலிருந்தேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். பொய். தோட்டமே என் முகத்தில் காறித் துப்பும் என்று பயந்தேன்.

பொந்துக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. முனி பதில் சொல்கிறார் என்று பெண்கள் குலவையிட்டார்கள். நானும் அவர்கள் நடுவில் நின்று குலவையிட்டேன்.

ஐந்தாம் நாள் அந்தச் சத்தம் இல்லை.