பட்டரும் என்னோடு பஸ் ஏறியது

நாளை மகளின் பிறந்தநாள். போன இரண்டு வருடமும் நான் செய்த கேக் செங்கல்லாகத்தான் வந்தது.

எல்லாம் பட்டரால். "அரை மணி நேரம் வெளியே வையுங்கள், இளகிவிடும்" என்கிறது யூடியூப். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் குளிரில் அரை நாள் வைத்தாலும் அது கல். அடுப்பில் காட்டினால் எண்ணெயாக ஓடிவிடும். அப்புறம் சீனி போட்டு எவ்வளவு அடித்தாலும் நுரைக்காது.

இன்று ஹட்டனில் பட்டர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நிற்கவே இடமில்லை. கண்டக்டர் என் பையை வாங்கி, டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் வைத்தார்.

டிக்கோயா தாண்டி இறங்கும்போது பையைத் தொட்டால், சூடு!

"கேட்டுட்டு வச்சிருக்கக்கூடாதாண்ணே? உள்ள பட்டர் இருக்கு, உருகிப்போயிருக்கும்!" என்று கண்டக்டரிடம் கத்திவிட்டேன்.

அவர் பதறவில்லை. பட்டரை உறையோடு அழுத்திப் பார்த்தார்.

"உருகலம்மா. வெரலு பதியுது, அவ்வளவுதான். கேக்கு அடிக்க இதுதானே பதம்? எங்க வீட்டுல கேக்குன்னா, பட்டர் என்கூட ஒரு ட்ரிப் வந்துட்டுத்தான் அடுப்படிக்குப் போகும்."

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் கோபம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சீனியோடு அடித்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெளேரென்று பொங்கியது. முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றி அடித்தேன். மாவை மட்டும் அடிக்காமல், கரண்டியால் மெதுவாகப் புரட்டிக் கலந்தேன். கேக் பூவாக எழும்பியிருக்கிறது.

யூடியூப் சமையல்காரர்களே, மலைநாட்டுக்காரர்களிடம் பட்டரை வெளியே வைக்கச் சொன்னால் போதாது. எந்த பஸ்ஸில் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.