முனுசாமியின் இரண்டாவது கண்

1

ஒரே ஒரு தும்மல். கண் வார்டின் மறுகோடியில் டிரெஸ்ஸிங் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மல்லாந்து கிடந்த முனுசாமியின் தலை, இருபக்கத்து மணல்பைகளுக்கு நடுவிலிருந்து எழும்பி விழுந்தது. வலது கண் பேண்டேஜில் ஈரம் பரவியது. கட்டிலருகே நின்ற அவருடைய சிநேகிதர் கரீம் பாயின் கையில் மூக்குப்பொடி டப்பி.

"யா அல்லா! இன்னா ஆச்சு இவனுக்கு?"

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷனில் பாதி டாக்டரின் கத்தி, பாதி நோயாளி அசையாமல் கிடப்பது. வெட்டிய இடத்துக்கு எங்கள் வார்டில் தையல் கிடையாது; அது தானாக ஒட்ட வேண்டும். குனியக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது. தூக்கத்தில் கை கண்ணைத் தேய்த்துவிடாதபடி மணிக்கட்டைத் துணியால் கட்டிலோடு தளரக் கட்டிவைப்போம். கண்ணுக்குள் இருப்பது கொஞ்சம் நீர்தான். அது ஒழுகினால் ஓர் ஊரே வற்றிப்போகும்.

2

முனுசாமி ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறவர். இரண்டு கண்ணிலும் புரை.

"ரெண்டையும் ஒரே தபாவா எடுத்துடுங்க சாமி. எத்தினி வாட்டி வர்றது?"

"ஒரே நாள்ல பண்ணி சீழ் புடிச்சா ரெண்டும் போய்டும்பா," என்றார் டாக்டர். "ஒண்ணு ஆறட்டும். அப்புறம் அடுத்தது."

வலது கண் ஆபரேஷன் சுத்தமாக முடிந்தது. டாக்டர் கை கழுவும்போது லேசாகச் சீட்டியடித்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு மாலையில் கரீம் பாய் பார்க்க வந்தார். அதே தொட்டியில் கூட நிற்கிறவர்.

"இன்னாடா, கல்யாண மாப்ள மாதிரி தலைய கட்டிக்கினு படுத்துக்கினுகீறே!"

"சிரிக்க வைக்காதே பாய். ஆடக் கூடாதாம். மூக்கு வேற நமநமங்குது."

"பொடி இல்லாம மூஞ்சே செத்துப்போச்சு. கைய கட்டிப்போட்டா இன்னா, நான் இல்ல?"

தொட்டி வேலைக்காரர்களுக்கு நாற்றத்தைத் தாங்கப் பொடி வேண்டும். இறங்கியவன் கையெல்லாம் சுண்ணாம்பு. தன் மூக்கைத் தானே தொட முடியாது. மேலே நிற்பவன்தான் குனிந்து ஒரு சிட்டிகை வைப்பான். பல வருஷமாக இவர்கள் ஒருவருக்கொருவர் செய்துவந்தது அதைத்தான். கட்டிய கையைக் கண்டதும் கரீம் பாயின் விரல் தானாக டப்பிக்குப் போயிருக்கிறது. தினமும் போடுகிறவனுக்குத் தும்மல் வராது. சில நாள் விட்டிருந்த மூக்கு பொறுக்கவில்லை.

3

காயம் பிளந்தது, சீழ் வைத்தது, கண் போயிற்று. சுவரோரம் அழுதுகொண்டிருந்தவரை, "உடு பாய், நீ வேணும்னா செஞ்சே?" என்று தேற்றியவர் முனுசாமிதான்.

டாக்டர் இடது கண்ணைப் பற்றிப் பேசினார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

"இதுல நல்லா பார்வை வரும்யா. இந்த வாட்டி ஜாக்கிரதையா இருப்போம்."

"வேணாம் சாமி. இதுல பகல் எது, ராத்திரி எதுன்னாவது தெரியுது. அதுவும் போனா நான் இன்னா பண்ணுவேன்?"

கரீம் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அடுத்த கோடையில் டாக்டரோடு ஆம்பூர் போனபோது அவரைத் தேடிப் போனோம். புரை முற்றி, இடது கண் வீங்கி, வலியில் சுவரில் முட்டிக்கொண்டாராம். நான் மெழுகுவர்த்தியை அவருக்கு இடப்புறம் பிடித்தேன். டாக்டர் வலப்புறம் நின்று கேட்டார்:

"வெளிச்சம் எந்தப் பக்கம்பா?"

முனுசாமி குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். "உங்க பக்கந்தான் சாமி."

நான் திரியை விரலால் நசுக்கினேன்.

இப்போதெல்லாம் கத்தி வைக்குமுன் பொடி உண்டா, இருமல் உண்டா என்று கேட்டு, அந்தப் பழக்கம் அடங்கும்வரை காத்திருக்கிறோம். கூட வருகிறவர்களையும் உட்காரவைத்து, கையை ஏன் கட்டுகிறோம் என்று சொல்கிறோம். முதல் கண்ணில் தோற்றால் பயம் அதோடு நிற்பதில்லை, இரண்டாவதையும் கொண்டுபோய்விடுகிறது. இரண்டு கண்ணுக்குமான வேலை முதல் கண்ணிலேயே தொடங்குகிறது. அதைக் கற்றபின் இரண்டு கண்ணிலும் பார்வையோடு எத்தனையோ பேர் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் பார்க்கிறேன். எவரும் முனுசாமி இல்லை.