கன்னியர் மடத்தை வலம் வந்த ஞாயிறு

தொண்ணூறுகளில் நாங்கள் வெள்ளைக்காரர் நாட்டில், ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். கண் கிளினிக்குக்குப் போகும் பஸ் ரோடிங் ஆற்றைத் தாண்டியதும், ஒரு புல்வெளியில் முழங்கால் உயரத்துக்கு இடிந்த கல்லுச் சுவர்கள் தெரியும்.

"அந்தக் காலத்துக் கன்னியர் மடம், மாமி. ஒரு ராசா மூடிப்போட்டாராம்" என்றாள் மருமகள்.

"அப்ப அங்கை இருந்த பெண்டுகள் எங்கை போனவை?"

நானும் ஊர்ச் சண்டைக்குள்ளே ஒரே பையோடு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவள். அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவேயில்லை.

ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஞாயிறன்று மடத்தைச் சுற்றிக்காட்டி வரலாறு சொல்வதாக லைப்ரரியில் எழுதி ஒட்டியிருந்தது. மருமகள் கூட்டிப்போனாள். மடத்தில் இடியாமல் மிஞ்சியிருந்த கோபுர வாசலில் நின்று, மடத்துத் தலைவி பிரபுக்களுக்குச் சமமாக இருந்தாள் என்று அவர் சொன்னதை மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள். பிறகு பெரியவர் சுவர்களை இடக்கைப் பக்கம் விட்டு நடக்கத் தொடங்கினார். எல்லோரும் பின்னால் போனார்கள். எனக்குக் கால் எழவில்லை. இடப்பக்கமாகச் சுற்றுவது செத்தவீட்டில் அல்லவா? நான் தனியே வலமாக நடந்தேன்.

பாதி வழியில் எதிரே வந்தார்கள்.

"மாமி, எங்கை போறியள்? எல்லாரும் பாக்கினம்."

"நீங்கள்தான் பிழையாச் சுத்திறியள், பிள்ளை."

"இதென்ன முருகன் கோயிலே?"

நான் சுற்றி முடித்து வாசலுக்கு வந்தபோது அங்கே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டார்.

"அந்தப் பெண்டுகளைப் பற்றிச் சொன்னவரோ?"

"சொல்லியிருப்பார். நான் நீங்கள் வாறியளோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், கவனிக்கேல்லை."

"இப்ப கேளன்."

"சொன்னதையே திருப்பிக் கேக்கிறதோ? வெக்கக்கேடு, மாமி."

எனக்கு வந்த கோபத்தில் கூச்சத்தையும் மறந்து அவரிடம் போனேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வெள்ளைக்காரரிடம் 'தாங்க்யூ' தவிர எதுவும் பேசியதில்லை.

"நன்ஸ்... வேர் கோ?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து நின்று நெடுநேரம் சொன்னார். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். எனக்கு விளங்கியது 'பென்ஷன்' என்ற ஒரு சொல்தான்.

"பென்ஷன் குடுத்து அனுப்பினவையாம்" என்றாள் மருமகள்.

"எங்கை அனுப்பினவை?"

"வீட்டுக்காக்கும். வாங்கோ, பஸ் வருது."

மடத்துக்கென்று வீட்டை விட்டு வந்தவளுக்கு எந்த வீடு? பஸ் ஆற்றைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். அவர் ஏன் ஆற்றைக் காட்டினார்? படகிலே போனார்களா, அல்லது ஆறு அந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.