அக்காவுக்கும் என் அளவுதான்

எனக்கும் அக்காவுக்கும் ஒரே தோள். தோணி தள்ளுகிறவன் தோள் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஆனால் நாங்கள் ஒரே வீட்டில் வளரவில்லை. பிள்ளையில்லாத சின்னம்மாவுக்கு அக்காவை மூன்று வயதிலேயே அம்மா கொடுத்துவிட்டாள். அவள் வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையில் எருமைத் தயிரும் வயற்சோறுமாக வளர்ந்தாள். நான் கிழக்கே, கடலோர ஊரான பெரியகல்லாற்றில் மீன் தின்று வளர்ந்தேன். அக்கா சின்னம்மாவை அம்மா என்பாள். பெற்றவளைப் பெரியம்மா என்பாள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுனாமி எங்கள் வீட்டைத் துடைத்துக்கொண்டு போன மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த எங்களைத் தேடி அக்கா வந்தாள். பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் வாவியைக் கடந்து, தன் சட்டை ஒன்றை எனக்குக் கொண்டுவந்திருந்தாள். போட்டேன். எனக்கென்றே வெட்டித் தைத்தது மாதிரி இருந்தது. வாவிக்கரையில் இருவரும் நின்றோம். அசையாத தண்ணீரில் எது நான், எது அவள் என்று எனக்கே தெரியவில்லை. அழுகையும் பயமும் கொஞ்ச நேரம் எங்கோ தள்ளிப் போயிருந்தன. தின்ற சோறு வேறு, குளித்த தண்ணீர் வேறு, உடம்பு மட்டும் எப்படி ஒன்றாகும்? அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைத் திரும்பக் கூட்டிவந்துவிட வேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

பிறகு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சண்டை மூண்டது. அக்காவும் சின்னம்மாவும் இடம் இடமாக அலைந்தார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டோம். அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னை நிறுத்தி அளவெடுத்து, அக்காவுக்கு ஒரு சட்டை தைத்துப் பெட்டியில் வைப்பாள். இவளுக்குச் சரியென்றால் அவளுக்கும் சரி என்பாள். நான் கொழுத்தால் பெட்டிக்குள் அக்காவும் கொழுத்தாள்.

சண்டை ஓய்ந்து, ஒரு மத்தியானம் அக்கா வந்தாள். கடைசியாகத் தைத்த சட்டையைப் போட்டாள். தோள் அச்சாகப் பொருந்தியது. அதற்குக் கீழே சட்டைக்குள் ஆளே இல்லை. என் உடம்பைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. நான் தின்றதெல்லாம் அவள் பங்கு என்று தோன்றியது.

"இஞ்சயே இரி புள்ள, சாப்பிட்டா உடம்பு வந்திரும்" என்றாள் அம்மா.

"நாளைக்குப் போகணும் பெரியம்மா. அங்க அம்மா தனிய இருக்கா."

அம்மா ஊசியை எடுத்து, சட்டையின் இரு பக்கத்தையும் பிடித்துத் தைத்தாள். உள்ளே மிஞ்சிய துணியை வெட்டப் போனேன். கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

"வெட்டாத. அங்க போய் உடம்பு வச்சா, அவ பிரிச்சு உடுக்கட்டும்."