கரண்ட் போன நேரத்து விண்கலம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அடுக்ககத்தில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கருகிப் போய்விட்டது. சரவணம்பட்டியில் உட்கார்ந்து அமெரிக்காவுக்கே மென்பொருள் எழுதுகிற ஆட்கள்தான் எல்லோரும். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றதும் பல்கூடத் துலக்காமல் கீழே இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு மோட்டாரைச் சுற்றி நின்றார்கள். நானும் போனேன். நான் மூக்கைப் பொத்தவில்லை. வார்னிஷும் தாமிரக் கம்பியும் இன்சுலேஷன் பேப்பரும் சேர்ந்து கருகிய அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். "ஏனுங்க, எல்லாரும் எட்டி நிக்கறாங்க, நீங்க மட்டும் சாம்பிராணி புடிக்கற மாதிரி நிக்கறீங்க?" என்று என் மனைவி நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கினாள். என்ன செய்வது, என் முதல் வேலையின் வாசனை அது.

மேலே வீட்டில் ஒரு விண்கலம் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. நானும் மகளும் பார்த்துக்கொண்டிருந்த தொடரை நிறுத்திவிட்டுத்தான் கீழே வந்திருந்தேன். அவள் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்ப்பாள். வேற்றுக்கிரகவாசி வருகிறான், கிரகத்தை அழிக்கிறான், போய்க்கொண்டே இருக்கிறான். எனக்கு மூச்சு முட்டும். நான் இந்த விஷயத்தில் பழைய பைத்தியம். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைக்கிற மந்திரவாதிப் படமா, செவ்வாயில் குடியேறுகிற படமா, பேதமே கிடையாது, எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவேன். இப்போது வருவதில் எல்லாமே நிஜம் போலவே இருக்கின்றன. எனக்கோ பறக்கும் தட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிற நூல் கொஞ்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் அதைப் பறக்கவைக்க நானும் கொஞ்சம் பாடுபட்ட மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் மகள், "அப்பா, ப்ளீஸ்" என்பாள்.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. எந்த விண்கலத்தைப் பார்த்தாலும், "இதை யார் கூட்டிப் பெருக்குவார்கள்?" என்றுதான் முதலில் யோசிப்பேன். அது நானாகக் கற்றதல்ல. கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருந்த மோட்டார் பட்டறையில் ஆறு பெண்கள் கேட்டுக் கேட்டுப் பழக்கிவிட்டது.

டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பெயர்தான் சூப்பர்வைசர். அந்த ஆறு பேருக்கும் வேலை என்னைவிட நூறு மடங்கு தெரியும். தாமிரக் கம்பியைக் காயிலாகச் சுற்றி, ஸ்டேட்டர் என்கிற இரும்பு வளையத்தின் ஸ்லாட்டுக்குள், அதாவது இடுக்குகளுக்குள், ஒவ்வொன்றாக விரலால் இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷுக்கு அனுப்ப வேண்டும். எனக்கு நோட்டில் எழுதுகிற வேலை. லேத்தில் பழனிச்சாமி அண்ணன். முதலாளி நல்ல மனுஷர், பாதி நாள் அவரே துடைப்பத்தை எடுத்துக் கூட்டுவார்.

அது கரண்ட் கட் காலம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. காலையில் போகும், வரும், வந்த வேகத்தில் மறுபடி போகும். லேத் நின்றுவிடும், பழனிச்சாமி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஸ்லாட்டில் காயில் இறக்குவதற்குக் கரண்ட் எதற்கு? வாசல் வெளிச்சத்துக்கு முக்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த ஆறு பேரும் வேலையைத் தொடர்வார்கள். மிஷின் சத்தம் இல்லாத பட்டறை பேயறைந்தது போலக் கிடக்கும். அப்படி ஒரு நாள் ஜோதி என்ற பெண், "தம்பி, சும்மா நோட்டப் பாத்துட்டு நிக்கறதுக்கு ஏதாச்சும் கதை கிதை சொல்லலாமுங்கல்ல?" என்றாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்குத் தெரிந்த கதை ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் டப்பிங் செய்து ஒரு விண்வெளித் தொடர் வரும். பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள், சொல்ல மாட்டேன். பூமியில் தண்ணீர் வற்றிவிட்டது. வேறு கிரகத்தில் துளை போட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒருவன் கப்பலில் போகிறான். அவன் மனைவி இங்கே ஒரு சிக்னல் டவரில் உட்கார்ந்து அவனுடைய சேதிக்குக் காத்திருக்கிறாள். இவ்வளவுதான் சொன்னேன். "அட, இது நம்ம ரிக்கு வண்டிதானுங்களே!" என்று மொத்தப் பேரும் சிரித்தார்கள். பூமியில் எங்கே ஆழ்துளைக் கிணறு போட வேண்டுமென்றாலும் திருச்செங்கோட்டிலிருந்து துளை போடுகிற ரிக் வண்டிதான் போகும், வேற்றுக்கிரகத்துக்கு மட்டும் வேறு யார் போவார்கள்?

அன்றிலிருந்து திங்கட்கிழமை என்றால் கதை. நாயகியின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, அவள் 'டவர்க்காரி' ஆனாள். அவன் 'கப்பல்காரர்'. எங்கள் ஊர் வாய்க்கு யாரையும் ஒருமையில் விளிக்க வராதல்லவா? என் கதையில் வந்த ராட்சதப் பூச்சிகூட, "ஏனுங்க, உங்களத் தின்னுபோடட்டுங்களா?" என்றுதான் கேட்டது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் என்னால் பதில் சொல்லி மாளாது. "கப்பல்ல சோறாக்கறது ஆருங்க?" "கூட்டறது ஆருங்க?" "ஒறம்பரை சனம் வந்தா எங்க படுக்க வெப்பாங்க?" பழனிச்சாமி அண்ணன் மட்டும் தொழில்நுட்பக் கேள்வி கேட்பார். "அக்கட்டப் போயி பேரிங் போச்சுன்னா என்னங்க பண்ணுவாங்க?" அதைத் தொடரை எழுதியவர்களே யோசித்திருக்க மாட்டார்கள்.

மரகதம் அக்கா மட்டும் இந்தக் கேள்வி எதிலும் சேர மாட்டார். பட்டறையில் அவர் கைதான் முதல் கை. அவர் வீட்டுக்காரர் நிஜமாகவே ரிக் வண்டியில் வடக்கே போனவர். எட்டு மாதமாகப் போன் இல்லை, கடிதம் இல்லை, கூடப் போன ஆட்களிடமிருந்தும் தகவல் இல்லை. அவர் போன பிறகுதான் அக்கா பட்டறைக்கே வந்தார், ஒன்றும் தெரியாமல் வந்து ஆறே மாதத்தில் எல்லோரையும் தாண்டிவிட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "இந்த வாரம் அந்தப் பொண்ணு டவர்ல என்னங்க தம்பி செஞ்சா?" கேட்டதும் மற்ற ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பாவம், வீட்டுக்காரர் நினைப்பு என்பது அதற்குப் பொருள். நானும் அப்படியே நினைத்தேன். அந்தத் தொடரிலும் டவர்க்காரி ஒன்றும் தெரியாமல் வேலைக்கு வந்தவள்தான், போகப்போக எல்லாக் கப்பலுக்கும் வழிசொல்கிற தலைமை ஆளாகிவிட்டாள். அக்கா எந்த இடத்தில் காயிலை நிறுத்திவிட்டுக் கேட்டார், எந்த இடத்தில் கேட்காத மாதிரி வேலை பார்த்தார் என்று கவனிக்கிற அறிவு எனக்கு இல்லை. இருபத்தொரு வயது.

கடைசி வாரம் வந்தது. கப்பல்காரர் திரும்புவாரா மாட்டாரா என்று பட்டறையே பந்தயம் கட்டாத குறை. ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து முடித்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். பெயர் போட்டார்கள். பாட்டு வந்தது. பொசுக்கென்று கரண்ட் போய்விட்டது. அடக் கெரகமே! சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது இருக்குமா என்று காந்திபுரம் வரை மிதித்தேன். எங்கும் இல்லை.

திங்கட்கிழமை ஆறு முக்காலிகளும் தயாராகக் காத்திருந்தன. பார்க்கவில்லை என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தவிரவும் மரகதம் அக்காவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அளந்துவிட்டேன். கப்பல் தரை இறங்கியது, அவர் இறங்கினார், டவர்க்காரி படியெல்லாம் ஓடி இறங்கிவந்தாள், வானத்திலிருந்து மழை கொட்டியது. மழை என் சொந்தச் சரக்கு. ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா மரகதக்கா, கப்பல்காரரே வந்துட்டாரு, நம்ம மாமன் வராம போயிருவாருங்களா?" என்றாள்.

அக்கா தலை நிமிரவில்லை. "அப்பறம் அந்தப் பொண்ணு டவர் வேலைக்குப் போவாளுங்களா?" என்று கேட்டார்.

"இனி எதுக்குங்கக்கா டவரு? அதான் அவரே வந்துட்டாருங்களே. வேலைய உட்டுட்டு ஊட்டுல நிம்மதியா இருப்பா."

அப்படிச் சொன்ன என் வாயை எதால் தைப்பது? அன்று அவர் கட்டிய ஸ்டேட்டரில் ஒரு காயில் தப்பான ஸ்லாட்டில் இறங்கியிருந்தது. அவர் கையில் நான் பார்த்த முதல் தப்பு அது. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அவருக்குப் பக்கத்து வீடுதான் ஜோதிக்கு. அவளைப் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது. வீட்டுக்காரர் பத்து நாளைக்கு முன்பே போன் செய்துவிட்டார். ஏதோ காட்டுப்பக்கம் மாட்டிக்கொண்டு, காய்ச்சலில் கிடந்து, பிழைத்து வருகிறார். வெள்ளிக்கிழமை வருகிறார். சங்ககிரிப் பக்கம் அவர் ஊரில் அம்மாவுக்கு நடமாட்டம் இல்லை, அதனால் வீட்டைக் காலி செய்து, வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடு என்று சொல்லியிருக்கிறார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அக்கா இந்தப் பத்து நாளாக யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜோதிக்கே முந்தின நாள்தான் தெரியும்.

சாயந்தரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவருடைய லைன் வீட்டுக்குப் போனேன். பாத்திரமெல்லாம் கோணிச்சாக்கில் கட்டி வாசலில் இருந்தது.

"அக்கா, ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. அந்தக் கடைசி வாரத்த நான் பாக்கவே இல்லீங்க. கரண்டு போயிருச்சு. நானாக் கட்டிச் சொன்னதுங்க அது."

"நெசமாலுமே பாக்கலீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அவ டவர உட்டாளா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது."

"தெரியாதுங்க."

"அதையே சொல்லியிருக்கலாமுங்களே தம்பி." அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. குரல் உயரவில்லை, கோணிச்சாக்கின் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே ஏதோ ஒண்ணு நெனச்சிருப்பனுங்க. அவரு பொழச்சு வாராரு, சந்தோசந்தானுங்க, நான் கும்புடாத சாமி இல்ல. ஆனா உனக்கு என்ன வேணும்னு ஒருத்தர் கேக்கலீங்க. அவ ஒருத்தி டவர்ல உக்காந்திருக்கான்னுதான் நான் தெகிரியமா இருந்தேன். நீங்களும் உங்க பங்குக்கு அவள ஊட்டுக்கு அனுப்பிப்போட்டீங்க."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அக்காதான், "சரி, காப்பித் தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் கேட்டார்.

சனிக்கிழமை பட்டறைக்கு வந்தார். வெளியே வேலிக்கருகில் மெலிந்த, தாடி வைத்த ஓர் ஆள் டெம்போவோடு நின்றிருந்தார். அக்கா நேராகப் போய் அந்தத் தப்பான ஸ்டேட்டரை எடுத்து, நூலை வெட்டி, காயிலை உருவி, சரியான ஸ்லாட்டில் இறக்கி, திரும்பக் கட்டினார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே நின்றவர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முதலாளி, "எப்ப வேணாலும் வாங்க அம்மணி, உங்க எடம் அப்படியே இருக்கும்" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "வாரேனுங்க தம்பி" என்றார். பிறகு வரவில்லை.

முதலாளி சொன்ன அந்த இடமும் இருக்கவில்லை. டீசல் போட்டு ஜெனரேட்டர் ஓட்டிப் பார்த்தார், முடியவில்லை, அடுத்த தீபாவளிக்குள் பட்டறையை மூடிவிட்டார். அந்தச் சந்தில் அப்படி மூடியவை ஒன்றிரண்டல்ல. இப்போது அங்கே பிரியாணிக் கடை இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் கரண்ட் போவதே இல்லை. போனாலும் நான்கு நொடியில் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்கிறது. ஒரு கதை பாதியில் அறுந்து, ஒரு வாரம் அது நம்மோடு குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுகிற காலம் முடிந்துவிட்டது. என் மகளிடம் 'அடுத்த வாரம்' என்றால் எதற்கு என்று கேட்பாள்.

மோட்டார் சரியானதும் மேலே வந்து அந்தப் பழைய தொடரைத் தேடினேன். இத்தனை வருடம் ஏன் தேடவில்லை என்று கேட்காதீர்கள், பயம்தான். இருந்தது. அதே டப்பிங், அதே கரகரத்த குரல்கள். கடைசிப் பகுதியைப் போட்டேன். ஒரு மடங்கு வேகத்தில்தான் பார்க்க வேண்டும் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கப்பல் திரும்பி வருகிறது. அதைத் தரை இறக்க டவரிலிருந்து வழி சொல்கிறவளே அவள்தான். அவன் இறங்கி, ரேடியோவில் அவளைக் கீழே வரச்சொல்கிறான். "எனக்கு இன்னும் மூன்று மணி நேரம் வேலை இருக்கிறது. உட்காருங்கள், முடித்துவிட்டு வருகிறேன்" என்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே படியில் உட்கார்கிறான். அவள் அடுத்த கப்பலுக்கு வழி சொல்லத் தொடங்குகிறாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். பிறகு முதலாளியிடம் கேட்டு ஜோதியின் எண்ணைப் பிடித்தேன். அவள் இப்போது போத்தனூரில் மகனோடு இருக்கிறாள். மரகதம் அக்காவின் எண் போய் வருடக்கணக்காகிறது என்றாள். மாமியார் காலமானதும் அந்தச் சங்ககிரி வீட்டையும் விட்டுவிட்டார்களாம். ஓசூர் என்கிறார்கள், பெங்களூர் என்கிறார்கள், உறுதியாகச் சொல்ல ஆளில்லை. "இத்தன வருசங்கழிச்சு எதுக்குங்க தம்பி கேக்கறீங்க?"

சொன்னேன். அன்று பட்டறையில் சொன்ன முடிவு நானாகக் கட்டியது என்று முதலில் ஒப்புக்கொண்டேன். கப்பல், ரேடியோ, மூன்று மணி நேரம், படியில் உட்கார்ந்த மனுஷன், எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி சொன்னேன்.

"அப்ப வேலைய உடலீங்களா அவ?" என்றாள் ஜோதி. "ஏனுங்க தம்பி, இத இப்ப மரகதக்காகிட்ட ஆருங்க சொல்றது?"